கிராஃபீன் நாடாவும் மின்புலமும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் புதியது. அதனை எடுத்துக்கொண்டதற்குரிய காரணமோ பழையது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் உயர்நிலைப் பள்ளியில் நான் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்று பாடம் ஒளியைப் பற்றியது. அதற்கு முந்திய வாரந்தான் மின்புலத்தைப் பற்றிய பாடம் முடிந்திருந்தது. கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, ஒளி செல்லும் வழியில் வலிமை மிக்க மின்புலம் ஒன்றை வைத்தால் ஒளிக்கு ஏதாவது ஆகுமா?” என்று கேட்டான். “ஒளிக்கு மின்னூட்டம் கிடையாது, ஆகவே ஒன்றும் ஆகாது, உட்கார்” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனும் உட்கார்ந்துவிட்டான். நான் சொன்னதில் முதற்பாதி உண்மை, மறுபாதி தவறு. அந்தத் தவற்றைத் திருத்துவதற்கு வகுப்பறை இப்போது எனக்கு இல்லை, வானொலி இருக்கிறது.

தவறு எங்கே நேர்ந்தது? வெற்றிடத்திலே செல்லும் ஒளியை, நாம் ஆய்வுச்சாலையில் உண்டாக்கக்கூடிய மின்புலம் நாம் காணத்தக்க அளவிற்கு மாற்றுவதில்லை. ஆனால் ஒளி ஒரு பொருளின் ஊடே செல்லும்போது கதை வேறாகிவிடுகிறது. பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன. அவற்றிற்கு மின்னூட்டம் உண்டு. மின்புலம் எலெக்ட்ரான்களைப் பற்றி இழுக்கிறது. எலெக்ட்ரான்களோ ஒளியோடு கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. ஆகவே மின்புலம் ஒளியை நேராகத் தொடாமல், எலெக்ட்ரானின் தோள்மீது கைவைத்துத் தொடுகிறது என்று கூறலாம்.

இந்த ஐயம் என் மாணவனுக்கு முன்பே பெரியோர் பலருக்குத் தோன்றியிருக்கிறது. காந்தத்தினால் ஒளியின் அதிர்வுத் தளம் திரும்புவதை மைக்கேல் ஃபாரடே 1845-ஆம் ஆண்டில் கண்டார். மின்சாரத்தினாலும் அத்தகைய விளைவு உண்டா என்று அவர் தேடினார். அவருக்கு அது அகப்படவில்லை. 1875-இல் அதனைக் கண்டுபிடித்தவர் ஜான் கெர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர். அவர் பெரிய ஆய்வுக்கூடத்தின் தலைவர் அல்லர். கிளாஸ்கோ நகரத்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கணிதம் கற்பித்து வந்தவர். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பிழைத்த எனக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தருவது. அதே சமயம் சற்று நாணத்தையும் தருவது. தடித்த கண்ணாடிப் பாளத்தில் இரு துளைகள் குடைந்து, அவற்றுள் கம்பிகளைச் செருகி, உயர்ந்த மின்னழுத்தத்தை அவர் செலுத்தினார். அதுவரை இருண்டிருந்த பார்வைக் களத்தில் ஒளி தோன்றிற்று. மின்புலத்தில் அகப்பட்ட கண்ணாடி, ஒளியின் அதிர்வைத் திசைக்குத் திசை வேறுபட நடத்தியதே அதற்குக் காரணம்.

பிறகு 1913-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோகன்னஸ் ஸ்டார்க் என்பவர், ஒளிரும் ஹைட்ரஜன் அணுக்களை ஒரு சென்டிமீட்டருக்குப் பல்லாயிரம் வோல்ட் என்ற அளவுள்ள புலத்தில் வைத்து, அவை வெளியிடும் நிறக்கோடு ஒவ்வொன்றும் பல கோடுகளாகப் பிளவுபடுவதைக் கண்டார். 1919-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இதே ஸ்டார்க் பின்னாளில் ஹிட்லரின் கட்சியோடு சேர்ந்துகொண்டு ஐன்ஸ்டைனின் பௌதிகத்தைப் பழித்துத் திரிந்தார். ஸ்டார்க் விளைவின் மெய்ம்மை அதனால் குறைந்துவிடவில்லை. ஸ்டார்க்கின் மதிப்புத்தான் குறைந்தது. 1958-இல் ஜெர்மனியின் வால்ட்டர் ஃபிரான்ஸ், சோவியத் நாட்டின் லியோனித் கெல்திஷ் ஆகிய இருவரும், ஒருவர் செய்வதை மற்றவர் சார்ந்திராமல், ஒரு முடிவை வெளியிட்டனர். மின்புலத்தில் வைக்கப்பட்ட குறைகடத்திப் படிகம், தான் வழக்கமாக உட்கொள்ளாமல் விட்டுவிடும் ஒளியையும் ஓரளவு உட்கொள்ளத் தொடங்கும் என்பது அந்த முடிவு. நம்முடைய பொருளுக்கு இதுவே வாயிற்படி.

உட்கவர்தல் என்பது என்ன? ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்மாடி முழுவதும் ஆட்கள் நிறைந்திருக்கின்றனர். மேல்மாடி காலியாக இருக்கிறது. நடுவே படிக்கட்டு இல்லை. ஏறினால் ஒரே தாவலில் ஏற வேண்டும். பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் நிரம்பிய ஆற்றல் பட்டையே கீழ்மாடி. வெறுமையான பட்டையே மேல்மாடி. இரண்டிற்கும் இடையேயுள்ள உயரத்திற்கு ஆற்றல் இடைவெளி என்று பெயர். ஒளி, போட்டான் என்னும் சிறு பொட்டலங்களாக வருகிறது. ஒரு போட்டானின் ஆற்றல் அந்த உயரத்திற்குப் போதுமானதாயின், எலெக்ட்ரான் அதனை விழுங்கி மேலே தாவும். போதாதாயின் போட்டான் தன் வழியே போய்விடும். நாம் அந்தப் பொருளை ஒளி ஊடுருவும் பொருள் என்கிறோம்.

கணக்குப் போட விரும்புவோர்க்கு ஓர் எளிய வாய்பாடு உண்டு. அலைநீளத்தை நானோமீட்டரில், அதாவது மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில், எழுதிக்கொள்ளுங்கள். 1240-ஐ அதனால் வகுத்தால் போட்டானின் ஆற்றல் எலெக்ட்ரான்-வோல்ட் என்னும் அலகில் கிடைக்கும். ஓர் எலெக்ட்ரான் 1 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே அந்த அலகு. 700 நானோமீட்டர் உள்ள செவ்வொளிக்கு 1.77 என்றும், 400 நானோமீட்டர் உள்ள ஊதா ஒளிக்கு 3.1 என்றும் விடை வரும். நம் கண் காணும் உலகம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு இடையே அடங்கிக் கிடக்கிறது.

இனிக் கரிக்கு வருவோம். உங்கள் பென்சிலின் நடுவே இருக்கும் கிராஃபைட், கார்பன் அணுக்களாலான தாள்களை அடுக்கி வைத்தாற்போன்றது. தாளுக்குள் அணுக்கள் இறுகப் பிணைந்துள்ளன. அண்டை அணுக்களின் இடைத்தூரம் 0.142 நானோமீட்டர். தாளுக்கும் தாளுக்கும் இடையே 0.335 நானோமீட்டர், அங்கே பிணைப்பு மிகத் தளர்ந்தது. நீங்கள் எழுதும்போது தாள்கள் வழுக்கிக் காகிதத்தில் படிவது அதனாலேதான். தாளின் வழியாக மின்சாரம் எளிதில் ஓடும். தாளுக்குக் குறுக்கே ஓடுவது அரிது. இந்த வேறுபாடு எத்துணைப் பெரியது என்பதை அளந்து 1939-இல் வெளியிட்டவர்களுள் ஒருவர், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். கரித்தாள் ஒவ்வொன்றும் தனித்தனி உலகம் போல நடந்துகொள்கிறது என்பதற்கு அவருடைய அளவீடுகள் நல்ல சான்றாயின. தனித் தாள் ஒன்றினுள் எலெக்ட்ரான்களின் ஆற்றல் எவ்வாறு அமையும் என்பதை 1947-இல் பி. ஆர். வாலஸ் கணக்கிட்டார். ஆனால் அந்தத் தனித் தாளைக் கையில் எடுத்துச் சோதித்தவர்கள் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆந்திரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் ஆவர். அது நடந்தது 2004-இல். கருவி? நாம் கிழிந்த புத்தகத்தை ஒட்டுகிறோமே, அந்த ஒட்டுநாடா! கிராஃபைட்டின்மேல் அதனை ஒட்டி உரித்து, மீண்டும் மீண்டும் உரித்து, ஓரணுப் பருமனுள்ள தாளைப் பெற்றனர். அதுவே கிராஃபீன். 2010-இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

கிராஃபீனின் அணு அமைப்பு எத்தகையது என்று கேட்டால், நம் வீட்டுப் பெண்கள் இடுக்குப் புள்ளி வைத்துக் கோலம் போடுவதை நினைவுகூருங்கள். ஒவ்வோர் அறுகோணத்தின் நடுப்புள்ளியையும் அழித்துவிட்டால் எஞ்சும் புள்ளிகள் எங்கே இருக்கின்றனவோ அங்கே கார்பன் அணுக்கள் இருக்கின்றன. தேன்கூட்டின் கண்ணறைகளும் இதே வடிவந்தான்.

இந்தத் தாளில் கீழ்மாடியும் மேல்மாடியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன, இடைவெளி சுழி. ஆகவே எந்த நிறத்து ஒளி வந்தாலும் கிராஃபீன் அதில் ஒரு பங்கை உட்கொள்ளும். அந்தப் பங்கு நூற்றுக்கு 2.3 என்று 2008-இல் அளந்து கண்டனர். வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்துக் கிடைக்கும் எண்ணை 137-ஆல் வகுத்துப் பாருங்கள். இதே எண் வரும். 137 என்பது மின்னூட்டத்திற்கும் ஒளிக்கும் உள்ள உறவைக் காட்டும் இயற்கை மாறிலியைத் தலைகீழாக்கினால் ஏறத்தாழக் கிடைக்கும் எண். ஓரணுப் பருமனுள்ள கரிப்படலம், கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் எந்நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் உட்கொள்ளுகிறது. அந்த அளவோ இயற்கையின் அடிப்படை எண்ணொன்றால் அமைகிறது. நான் படித்த பௌதிகத்தில் இதைக் காட்டிலும் என்னை வியக்கவைத்தது சிலவே.

வியப்பு ஒருபுறம் இருக்க, பயன் என்று பார்த்தால் இடைவெளி இல்லாமை ஒரு குறைபாடாகும். ஒரு நிறத்தை ஏற்று மற்றொன்றை விடுக்கும் தேர்வு இல்லாத பொருளைக் கொண்டு ஒளியை ஆள்வது கடினம். தாளை மிகக் குறுகிய நாடாவாக வெட்டினால் இந்தக் குறை நீங்குகிறது. ஏன் என்று சொல்கிறேன். எலெக்ட்ரானுக்கு அலை இயல்பு உண்டு. வீணையின் தந்தி இரு முனைகளிலும் கட்டுண்டிருப்பதால் எல்லா ஒலியையும் எழுப்புவதில்லை; அதன் நீளத்திற்கு ஏற்ற சுரங்களையே எழுப்புகிறது. மெட்டின்மேல் விரலை வைத்துத் தந்தியைக் குறுக்கினால் சுரம் உயர்கிறது. நாடாவின் இரு விளிம்புகளுக்கு இடையே கட்டுண்ட எலெக்ட்ரான் அலையும் அவ்வாறே. அகலத்திற்கு ஏற்ற சில வடிவங்களே அதற்கு இசைவானவை. நாடா குறுகக் குறுக ஆற்றல் படிகள் விலகுகின்றன; மாடிகளுக்கு நடுவே இடைவெளி திறக்கிறது. இது நாடாவின் அகலத்திற்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் அமையும். எளிய கணக்கின்படி, 1.38-ஐ நானோமீட்டரிலுள்ள அகலத்தால் வகுத்தால் இடைவெளி எலெக்ட்ரான்-வோல்ட்டில் வரும்.

இது எல்லா நாடாக்களுக்கும் பொருந்தாது. தேன்கூட்டை வெட்டும் திசையைப் பொறுத்து விளிம்பு இரு வகைப்படும். ஒன்று ரம்பத்தின் பற்களைப் போன்றது. மற்றது கைப்பிடியுள்ள நாற்காலிகளை வரிசையாக வைத்ததுபோல் இருக்கும். நாற்காலி விளிம்புள்ள நாடாவில் ஒரு வேடிக்கை உண்டு. அகலவாக்கில் எத்தனை கார்பன் வரிசைகள் உள்ளன என்று எண்ணி, அதனை 3-ஆல் வகுக்க வேண்டும். மீதி 0 அல்லது 1 வந்தால் இடைவெளி நான் சொன்னவாறு அமையும். மீதி 2 வந்தால் இடைவெளி மிகச் சிறுத்துவிடும். நான்காம் வகுப்பிற் கற்ற வகுத்தற் கணக்கின் மீதி, ஒரு பொருள் எந்த ஒளியை உண்ணும் என்பதைத் தீர்மானிக்கிறது!

ஒரு வரிசை கூடினாலும் குறைந்தாலும் குணம் மாறுமென்றால், கத்தரித்து நாடா செய்வது நடவாத காரியம். 2010-இல் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரோமன் ஃபாசல், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த கிளவுஸ் மியூலன் ஆகியோரின் குழுவினர் வெட்டுவதை விட்டுக் கோப்பதில் இறங்கினர். புரோமின் அணுக்களைத் தாங்கிய ஒரு கார்பன் மூலக்கூற்றைத் தூய தங்கப் பரப்பில் தூவினர். ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் புரோமினை இழந்த மூலக்கூறுகள் பூச்சரம்போல் கோத்துக்கொண்டன. 400 டிகிரியில் ஹைட்ரஜனில் ஒரு பங்கு கழன்று, சரம் தட்டையான நாடாவாயிற்று. சரியாக 7 வரிசை, அகலம் 0.74 நானோமீட்டர். ஒரு வரிசைகூடப் பிசகவில்லை.

இத்தகைய நாடா ஒளியை உட்கொள்ளும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. நாடாவின் நீளவாட்டில் அதிரும் ஒளியை அதன்மேல் விழச்செய்வோமாக. கீழ்மாடியில் முதல் அலைவடிவத்தில் இருக்கும் எலெக்ட்ரான், மேல்மாடியிலும் முதல் அலைவடிவத்திற்கே தாவும். இரண்டாம் வடிவத்தில் இருப்பது இரண்டாம் வடிவத்திற்கே. முதலிலிருந்து இரண்டிற்குத் தாவுதல் விலக்கப்பட்டது. காரணம் எளிது. முதல் வடிவம் தந்தி முழுவதும் ஒரே பக்கம் புடைத்திருப்பது. இரண்டாம் வடிவம் பாதி மேலேயும் பாதி கீழேயும் புடைத்திருப்பது. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் ஒரு பாதியின் மிகையும் மறுபாதியின் குறையும் ஒன்றையொன்று தின்று சுழியாகிவிடும். சுழி என்றால் தாவல் இல்லை. ஆகவே நாடாவின் உட்கவர் வரைபடம், சில குறிப்பிட்ட ஆற்றல்களில் மட்டும் கூரிய சிகரங்கள் நிற்கும் மலைத்தொடர்போல் இருக்கும்.

இப்போது மின்புலத்தைக் கொண்டு வருவோம். நாடாவின் ஒரு விளிம்பருகே நேர்மின் தகட்டையும் மறு விளிம்பருகே எதிர்மின் தகட்டையும் வைக்கிறோம். புலம் நாடாவின் அகலவாட்டில் அமைகிறது. என்ன நிகழும்? கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அதனைச் சாய்த்தால் உள்ளிருக்கும் நீர்மம் தாழ்ந்த பக்கம் போகிறது. குமிழியோ உயர்ந்த பக்கம் போகிறது. நாடாவிலும் மேல்மாடிக்குச் சென்ற எலெக்ட்ரானின் அலை நேர்மின் விளிம்பை நோக்கி ஒதுங்குகிறது. அது விட்டுச்சென்ற வெற்றிடம், துளை என்று சொல்லப்படுவது, குமிழியைப்போல எதிர்மின் விளிம்பை நோக்கி ஒதுங்குகிறது.

இதனால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன. மூன்றும் ஒரே சாய்வின் பிள்ளைகளே. எலெக்ட்ரான் நேர்மின் பக்கம் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. துளைக்குரிய நிலை எதிர்மின் பக்கம் சற்று உயர்ந்து நிற்கிறது. ஆதலால் இரண்டிற்கும் இடைப்பட்ட உயரம் குறைகிறது. முதற்சிகரம் செந்நிறப் பக்கமாக, அதாவது குறைந்த ஆற்றலை நோக்கி, நகர்கிறது. அடுத்து, எலெக்ட்ரானும் துளையும் வேறு வேறு ஓரங்களில் ஒதுங்கியதால் அவற்றின் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு குறைகிறது. சிகரத்தின் உயரமும் குறைகிறது. இறுதியாக, சாய்ந்துபோன அலைவடிவங்களைப் பெருக்கிக் கூட்டினால் முன்பு சுழியாக வந்தது இப்போது சுழியாக வருவதில்லை. விலக்கப்பட்டிருந்த தாவல்கள் நிகழத் தொடங்குகின்றன. வெறுமையாக இருந்த இடங்களில் புதிய சிறு சிகரங்கள் முளைக்கின்றன. பழைய சிகரம் இழந்த வலிமையில் ஒரு பகுதி இவற்றிலே வந்து சேர்கிறது. தைவான் நாட்டு ஆய்வாளர் சிலர் 2006-ஆம் ஆண்டிலேயே இத்தகைய மாற்றங்களைக் கணக்கிட்டு வெளியிட்டனர்.

முதல் விளைவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறேன். தகடுகளை மாற்றி வைத்து, புலத்தை எதிர்த்திசையில் செலுத்தினால் சிகரம் எந்தப் பக்கம் நகரும்? நீலப் பக்கம் என்று பலர் சொல்லக்கூடும். அன்று; மீண்டும் செந்நிறப் பக்கமே நகரும். நாடாவின் இடப்புறமும் வலப்புறமும் ஒரே மாதிரியானவை. ஆகவே திசை எதுவானாலும் விளைவு ஒன்றே. புலத்தின் குறி மாறினாலும் விளைவு மாறாதிருக்க வேண்டுமானால், விளைவு புலத்தின் இருமடியைச் சார்ந்திருக்க வேண்டும். ஆதலால் சிறிய புலங்களுக்கு, புலத்தை இரட்டித்தால் நகர்வு நான்கு மடங்காகிறது. கணக்குப் போடாமலே, சமச்சீர்மையை மட்டும் கொண்டு பெற்ற முடிவு இது. தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கன்றி, பௌதிகத்தைச் சுவைப்பதற்கு இவ்வகைச் சிந்தனை மிக ஏற்றது.

எவ்வளவு புலம் வேண்டும்? செய்முறையாளர் கவலைப்படும் இடம் இதுதான். நாடாவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை புலம் தரும் ஆற்றல் வேறுபாடு, நாடாவின் இடைவெளியோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தால்தான் விளைவு பெரிதாகும். 1 நானோமீட்டர் அகலமுள்ள நாடாவை எடுத்துக்கொள்வோம். இடைவெளி 1.38 எலெக்ட்ரான்-வோல்ட். ஆகவே 1 நானோமீட்டருக்கு 1.38 வோல்ட் வேண்டும். கேட்பதற்குச் சிறிதாக இருக்கிறதல்லவா? சென்டிமீட்டருக்கு மாற்றினால் 1.38 கோடி வோல்ட்! சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 30,000 வோல்ட் ஆனவுடனேயே காற்றில் பொறி பறக்கத் தொடங்கிவிடும். மின்கடத்தாப் பொருள்களில் உறுதிமிக்க சிலிக்கன் டையாக்சைடு படலமும் 1 கோடி அளவில் உடைபட்டுவிடும். 10 நானோமீட்டர் அகலமுள்ள நாடாவிற்கோ இடைவெளி பத்தில் ஒன்றாகிறது. அது பத்து மடங்கு தூரத்தில் பரவியிருக்கிறது. எனவே வேண்டிய புலம் நூறில் ஒரு பங்குதான், சென்டிமீட்டருக்கு 1.38 லட்சம் வோல்ட். இது கைக்கு எட்டக்கூடிய அளவு.

அப்படியானால் அகன்ற நாடாவே சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அகன்ற நாடாவின் இடைவெளி 0.138 எலெக்ட்ரான்-வோல்ட். 1240-ஐ இதனால் வகுத்தால் 8,986 நானோமீட்டர் வருகிறது. இது கண்ணுக்குப் புலனாகாத, வெப்பக் கதிர் என்று நாம் உணரும் அகச்சிவப்பு ஒளி. குறுகிய நாடா பயனுள்ள ஒளியை உண்ணும், ஆனால் புலத்திற்கு எளிதில் வணங்காது. அகன்ற நாடா புலத்திற்கு வணங்கும், ஆனால் வேறோர் ஒளியை உண்ணும். கண்ணாடி இழைகளின் வழியே தொலைதூரச் செய்தி செல்லும் ஒளியின் அலைநீளம் 1,550 நானோமீட்டர். அதன் ஆற்றல் 0.8 எலெக்ட்ரான்-வோல்ட். அதற்கு இசைந்த நாடாவின் அகலம் நம் எளிய கணக்குப்படி ஏறத்தாழ 1.7 நானோமீட்டர், வேண்டிய புலம் சென்டிமீட்டருக்கு 48 லட்சம் வோல்ட் அளவில் நிற்கிறது. காற்று தாங்காது, சிலிக்கன் டையாக்சைடு தாங்கும். விளைவின் தொடக்கத்தைக் காண இதனினும் குறைந்த புலமே போதும். என்றாலும் நாடாவிலுள்ள எலெக்ட்ரான்கள் நகர்ந்து நின்று வெளிப்புலத்தை ஓரளவு தடுத்துவிடும் என்பதையும் மறத்தலாகாது. அதனால் இந்த எண்களை அளவின் வரிசையைக் காட்டும் மதிப்பீடுகளாகவே கொள்ளுங்கள்.

ஒளி இழையைப் பற்றிச் சொன்னேன். அதுவே இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி. நாம் அனுப்பும் சொல்லும் படமும் முதலில் மின்துடிப்புகளாக இருக்கின்றன. அவற்றை ஒளியின்மேல் ஏற்றுவதற்கு, ஒரு நொடிக்குப் பல நூறு கோடி முறை ஒளியைத் தடுத்தும் விடுத்தும் ஆளும் கதவு ஒன்று வேண்டும். மின்புலத்தால் உட்கவர்தலை மாற்றும் குறைகடத்திப் படலங்கள் அந்தக் கதவுகளாக இன்று உழைக்கின்றன. 1984-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டேவிட் மில்லர், டேனியல் செம்லா முதலியோர், சுமார் 10 நானோமீட்டர் பருமனுள்ள படலங்களில், நான் மேலே சொன்ன சாய்வு விளைவைத் தெளிவாகக் காட்டினர். கிராஃபீன் நாடா அந்தப் படலத்தின் இளைய உறவினர் என்று சொல்லலாம். கதவு எவ்வளவு சிறிதோ அதனைத் திறக்கவும் மூடவும் செலவாகும் மின்னாற்றலும் அவ்வளவு குறையும். உலகெங்கும் இத்தகைய கதவுகள் எத்தனையெத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ஓரணுப் பருமனுள்ள நாடாவில் அறிஞர்கள் ஏன் நாட்டம் கொள்கின்றனர் என்பது விளங்கும்.

இன்னொரு முறையும் உண்டு; அதனை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புலத்தைத் தாளுக்குக் குறுக்கே, மேலிருந்து கீழாகச் செலுத்தினால், அலைவடிவம் சாய்வதற்குப் பதிலாக எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடும் அல்லது குறையும். மேல்மாடியின் அடிப்பகுதி முன்பே ஆட்களால் நிரம்பிவிட்டால் புதிதாகத் தாவுவோர்க்கு அங்கே இடம் ஏது? உட்கவர்தல் நின்றுபோகும், பொருள் ஒளிக்கு வழிவிடும். 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் இதனைக் கிராஃபீன் தாளில் அளந்து காட்டினர். 2011-இல் அதே நகரத்தார் சிலிக்கன் ஒளிப்பாதையின்மேல் கிராஃபீனைப் போர்த்தி ஒளிக்கதவு ஒன்றையும் செய்து காட்டினர். அது இடத்தை நிரப்பித் தடுக்கும் முறை. நாம் பேசிக்கொண்டிருப்பது வடிவத்தைச் சாய்த்து மாற்றும் முறை.

ரம்பப் பல் விளிம்புள்ள நாடாக்களின் கதை இன்னும் விந்தையானது. அவற்றின் விளிம்புகளில் எலெக்ட்ரான்கள் குடியேறி, ஒரு விளிம்பில் ஒரு தற்சுழற்சியும் மறு விளிம்பில் எதிர்த் தற்சுழற்சியும் கொண்டு சிறு காந்தங்கள்போல் நிற்கும் என்று கணக்குகள் கூறுகின்றன. அகலவாட்டில் புலத்தைச் செலுத்தினால் ஒரு தற்சுழற்சிக்கு இடைவெளி மூடிக்கொள்ளும், மற்றொன்றுக்கு மூடாது என்று 2006-இல் சன், கோஹன், லூயி ஆகிய மூவர் காட்டினர். ஒரே நாடா, பாதி எலெக்ட்ரான்களுக்கு உலோகம், பாதிக்குக் குறைகடத்தி!

நான் இதுவரை சொன்னதில் நாடாக்களைப் பற்றிய பெரும்பகுதி கணக்கிலிருந்து பிறந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அளந்து பார்ப்பதற்குத் தடைகள் உள்ளன. தங்கத்தின்மேல் வளர்ந்த நாடாவில் அகலவாட்டுப் புலத்தை நிறுத்த முடியாது. கீழேயிருக்கும் உலோகம் அதனை அழித்துவிடும். நாடாவைப் பெயர்த்து மின்கடத்தாத் தளத்தின்மேல் கிழியாமல் கிடத்த வேண்டும். மேலும், 1 நானோமீட்டர்கூட அகலமில்லாத நாடாவின்மேல் பல நூறு நானோமீட்டர் நீளமுள்ள ஒளியலை மோதும்போது, உட்கொள்ளப்படும் பங்கு மிகச் சொற்பம். ஆகவே எண்ணற்ற நாடாக்களை ஒரே திசையில் அடுக்க வேண்டும். 2014-இல் அவ்வாறு, படிபடியாக அமைந்த தங்கப் பரப்பில் 7 வரிசை நாடாக்களை ஒரு திசையாக வளர்த்து, புலமில்லாத நிலையில் அவற்றின் உட்கவர்தலை அளந்தனர். முதற்சிகரம் 2.1 எலெக்ட்ரான்-வோல்ட் அருகே நின்றது. அலைநீளம் ஏறத்தாழ 590 நானோமீட்டர். ஆய்வுச்சாலையில் உப்பைச் சுடரில் காட்டும்போது தோன்றுமே, அந்த மஞ்சள் நிறத்தின் அண்டை.

அந்த அளவீடு மற்றோர் உண்மையையும் உறுதிப்படுத்தியது. நாடாவில் மேலே சென்ற எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் பிரிந்து போய்விடுவதில்லை. ஒன்றையொன்று கவர்ந்து இணையாகவே திரிகின்றன. எக்ஸைட்டான் என்பது அந்த இணையின் பெயர். நாடா மெல்லியதாதலால் இடையில் நின்று இந்தக் கவர்ச்சியைத் தணிக்கப் பிற எலெக்ட்ரான்கள் குறைவு. ஆகவே பிணைப்பு மிக இறுகியது. மின்புலத்தைப் பற்றிய கணக்கில் இந்தப் பிணைப்பை விட்டுவிட்டால் சிகரத்தின் இடமும் தவறும், உயரமும் தவறும். புலம் இருவரையும் இரு விளிம்புகளுக்கு இழுக்கிறது. அவர்களோ ஒருவரையொருவர் விடாமல் பற்றிக்கொண்டிருக்கின்றனர். எந்தப் புலத்தில் யார் வெல்வர் என்பதுதான் கணக்கின் கடினமான பகுதி.

உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். பழக்கம் விடவில்லை. 5 நானோமீட்டர் அகலமும், 3-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் வரிசை எண்ணும் உள்ள நாற்காலி விளிம்பு நாடா ஒன்று. எளிய கணக்கின்படி அதன் இடைவெளி என்ன? எந்த அலைநீளத்திலிருந்து அது ஒளியை உட்கொள்ளத் தொடங்கும்? அகலவாட்டில் எவ்வளவு புலம் செலுத்தினால் விளைவு பெரிதாகும்? 0.276 எலெக்ட்ரான்-வோல்ட், ஏறத்தாழ 4,490 நானோமீட்டர், சென்டிமீட்டருக்கு 5.5 லட்சம் வோல்ட் என்று விடை வந்தால் சரி. வராவிட்டால் நானோமீட்டரிலிருந்து சென்டிமீட்டருக்கு மாற்றும் இடத்தில் சுழிகளை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும்.